எடின்பரோவிலிருந்து டண்டீக்கு: எந்தப் பக்கத்து ஜன்னல்?

#1 ஜன்னலோரம்

அனைவருக்கும் வணக்கம். மேற்படிப்புக்காகக் கடந்த செப்டம்பரில் எடின்பரோவுக்கு வந்தேன். என் பெரியம்மா மகள் டண்டீயில் வேலை பார்க்கிறார். டிசம்பர் முதல் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். அட்டவணைப்படி ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான். ஆனால் அந்தச் சிறிய தூரத்துக்குள் ஃபோர்த் பாலம், டே பாலம் என்று இரண்டு பெரிய பாலங்கள் வருகின்றன என்றும், டே ஆற்றில் இடிந்து விழுந்த பழைய பாலத்தின் அடிக்கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன என்றும் கேள்விப்பட்டேன். அவற்றைக் காண வேண்டுமானால் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? முன்பதிவு செய்யாமல்தான் போகிறேன். ஏறியவுடன் இடம் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நல்லது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வேவர்லிவாசி

வலப்பக்கம். நான் சொல்வது ரயில் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தவரின் வலப்பக்கம். எதிர்த்திசை இருக்கையில் உட்கார்ந்துவிட்டு வலது கையைத் தேடினால் பொறுப்பு என்னுடையதல்ல.

இந்த விதிக்கு ஒரு விலக்கு தொடக்கத்திலேயே வரும். வேவர்லி நிலையத்தை விட்டு மேற்கு நோக்கி நகர்ந்ததும் பிரின்சஸ் தெருப் பூங்காவின் பள்ளத்துக்குள் தண்டவாளம் ஓடும். அப்போது கோட்டை நிற்கும் பாறை இடப்பக்கம் செங்குத்தாக எழும்பும். ஓரிரு நிமிடக் காட்சிதான். எடின்பரோவிலேயே குடியிருப்பவருக்கு அது புதிதும் அல்ல, ஆகவே இழப்பில்லை. ஹேமார்க்கெட்டைத் தாண்டி வடமேற்கே திரும்பி, டால்மெனி நிலையம் கடந்ததும் மரங்கள் சட்டென்று விலகும், நீங்கள் ஃபோர்த் பாலத்தின் மேல் இருப்பீர்கள். தண்டவாளத்துக்குக் கீழே கப்பல் போவதற்கென்று விட்ட இடைவெளி மட்டும் 46 மீட்டர். வலப்பக்கம் கழிமுகம் அகன்று கடலோடு சேரும் திசை.

ஆனால் பாலம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வலப்பக்கத்தை நான் வற்புறுத்துவது அதற்குப் பிறகு வரும் அரை மணி நேரத்துக்காக. இன்வர்கீதிங்கிலிருந்து கர்க்காடி வரை ரயில் கிழக்கே திரும்பி ஃபைஃப் கரையை ஒட்டியே போகிறது. (கர்க்காடியின் ஆங்கில எழுத்தில் நடுவே ஓர் ‘எல்’ இருக்கும். அதை உச்சரித்தால் ஊர்க்காரர்கள் உங்களை உடனே வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) அபர்டவருக்கு அப்பால் கடலுக்குள் இன்ச்கோம் தீவும் அதன் மேல் இடைக்கால மடாலயத்தின் இடிபாடும் தெரியும். பர்ன்டைலண்ட், கிங்ஹார்ன் ஊர்களில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு சுவர்தான் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால், அரை மணிக்கு முன்பு விட்டு வந்த எடின்பரோவின் ஆர்தர் சீட் மலை தண்ணீருக்கு அந்தப் புறத்தில் முழுதாக நிற்பதைக் காணலாம். ரயில் வளைந்து வந்த கணக்கு அப்போதுதான் கண்ணுக்குப் புரியும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. டிசம்பரில் சூரியன் தெற்கே மிகத் தாழ்வாக இருக்கும். காலை நேரத்தில் அந்தக் கரையோரம் முழுவதும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும்.

#3 வடகடல்

வேவர்லிவாசி அவர்களோடு பொதுவாக நான் முரண்படுவதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் இடதுசாரி.

ஃபோர்த் பாலத்தின் மேல் இடப்பக்கம் அமர்ந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. மேற்கே அடுத்தடுத்து இரண்டு சாலைப் பாலங்கள் நிற்கின்றன. 1964இல் திறந்த தொங்குபாலம் ஒன்று. 2017இல் திறந்த குவீன்ஸ்ஃபெரி கிராசிங் மற்றொன்று, அதன் மூன்று கோபுரங்களிலிருந்தும் வெள்ளைக் கம்பிகள் விசிறிபோல இறங்குகின்றன. நீங்கள் உட்கார்ந்திருப்பது 1890இல் திறந்த மூன்றாவதில். 19, 20, 21 ஆகிய மூன்று நூற்றாண்டுகளின் பொறியியல் ஒரே நீர்ப்பரப்பின் மேல் வரிசையாக நிற்பதை ரயில் ஜன்னலிலிருந்து பார்க்க வேறெங்கு முடியும்? கடல் எங்கும் கடல்தான். அதைக் கரையில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

#4 பழையதண்டவாளம்

முப்பது ஆண்டுகள் கட்டுமானத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் வலப்பக்கம்தான். ஆனால் என் காரணம் கடல் அல்ல. இந்த 60 மைல் பாதையில் தாமஸ் பௌச் என்ற பொறியாளரின் தடம் மூன்று இடங்களில் கிடக்கிறது. அந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால்தான் இரண்டு பாலங்களும் ஏன் இப்படி இருக்கின்றன என்பது விளங்கும்.

முதல் தடம் ஃபோர்த் பாலத்தின் காலடியில் இருக்கிறது. பாலத்தின் நடுக்கோபுரம் இன்ச்கார்வி என்ற சின்னஞ்சிறு தீவின் ஓரத்தில் ஊன்றியிருக்கிறது. அந்தத் தீவில் ஒரு செங்கல் தூணின் அடிப்பகுதி, தலையில் ஒரு சிறு விளக்கைச் சுமந்துகொண்டு நிற்கும். இன்றைய பாலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது பௌச் இங்கே கட்டத் தொடங்கிய தொங்குபாலத்தின் மிச்சம். 1878இல் அடிக்கல் நாட்டினார்கள். டே ஆற்றில் அவர் கட்டிய பாலம் விழுந்தவுடன் இங்கே வேலையை நிறுத்திவிட்டார்கள். ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் தலைக்கு மேலே சிவப்பு இரும்பைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள்.

இரண்டாவது தடம் பர்ன்டைலண்ட். பாலங்கள் வருவதற்கு முன்பு இரண்டு கழிமுகங்களையும் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. சரக்கை வண்டியிலிருந்து இறக்கி, படகில் ஏற்றி, அக்கரையில் மீண்டும் வண்டியில் ஏற்றி மாளவில்லை. சரக்குப் பெட்டிகளைச் சக்கரத்தோடு அப்படியே கப்பலுக்குள் உருட்டிக்கொண்டு போகும் முறையை 1850இல் எடின்பரோ பக்கத்துக் கரையிலுள்ள கிரான்டனுக்கும் அக்கரையிலுள்ள பர்ன்டைலண்டுக்கும் இடையே நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இதே பௌச். அலை ஏறினாலும் இறங்கினாலும் கப்பலின் தளத்தோடு பொருந்தும்படி நகர்கின்ற சாய்வுப் பாதையை அவர் அமைத்தார். உலகின் முதல் ரயில் படகுச் சேவை என்று பலரும் அதைத்தான் சொல்வார்கள். அதாவது அவர் திறமையற்றவர் அல்ல. சிக்கனமாகக் கட்டித் தருவார் என்று பெயர் எடுத்தவர். நிர்வாகங்கள் அவரைத் தேடி வந்ததும் அதற்காகத்தான்.

மூன்றாவது தடம், நீங்கள் கேட்ட அடிக்கட்டைகள். புதிய டே பாலத்தைப் பழையதற்கு இணையாக, ஆற்றின் மேல்புறமாக, சுமார் 18 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். மேல்புறம் என்றால் மேற்கு. எனவே வடக்கே போகும் ரயிலில் பழைய கட்டைகள் கிழக்கே, அதாவது வலப்பக்கம் வரும். ஒவ்வொரு புதிய தூணுக்கும் பக்கத்தில் ஒரு பழைய கட்டை என்று கரையிலிருந்தே வரிசை தொடங்கிவிடும். நடுப்பகுதிக்குப் போனால் ரயில் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நுழைந்துவிடும், பார்வை தடைபடும். ஆகையால் தென்கரையில் வோர்மிட் தாண்டியவுடனேயே ஜன்னலோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பாலம் எப்படி விழுந்தது என்பதற்குக் காற்று என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். 1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழேகால் மணி வாக்கில் புயலின் நடுவே நடுப்பகுதியின் 13 உத்தர வரிசைகளும் அவற்றுக்குள் போய்க்கொண்டிருந்த ரயிலும் ஒன்றாக ஆற்றில் விழுந்தன என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கதை ஆற்றின் அடியில் தொடங்குகிறது. ஆழத்தில் துளையிட்டுப் பார்த்தவர்கள் இறுகிய கூழாங்கல் படிவத்தைப் பாறை என்று எடுத்துக்கொண்டார்கள். வேலை நடுவே வந்தபோதுதான் பாறை அங்கில்லை என்று தெரிந்தது. கரையோரம் கட்டியது போன்ற கனமான செங்கல் தூண்களை அந்த மண் தாங்காது என்பதால், எடை குறைந்த வார்ப்பிரும்புக் குழாய்களைக் கொத்தாக நிறுத்தி, குறுக்குக் கம்பிகளால் இழுத்துக் கட்டி, அவற்றின் மேல் உத்தரங்களை வைத்தார்கள். அந்தக் கம்பிகளைப் பிடித்திருந்த காதுகளும் குழாயோடு சேர்த்து வார்த்தவைதான். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வேலை தெரிந்தவர்கள் அன்றும் இதை அறிந்தே இருந்தார்கள்.

குழாய்களை வார்த்த பட்டறை வோர்மிட்டிலேயே இருந்தது. வார்ப்பில் காற்றுக் குமிழ் விழுந்த ஓட்டைகளைத் தேன்மெழுகு, பிசின், இரும்புத்தூள், விளக்குக் கரி ஆகியவற்றைக் குழைத்து அடைத்து, மேலே தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பினார்கள் என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. பாலம் திறந்த பிறகு அதைக் கவனித்துவந்த மேற்பார்வையாளருக்குக் கம்பி இணைப்புகள் தளர்ந்து கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டிருக்கிறது. அவர் கடையில் இரும்புத் துண்டு வாங்கி வந்து இடைவெளிகளில் செருகினார், பௌச்சிடம் சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் இதே மாதிரிச் செருகல்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆதலால் இந்த விவரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

#5 சணல்நகர்

நான் டண்டியில் இருபது வருடங்களாக வசிக்கிறேன். பழையதண்டவாளம் ஐயா எழுதியவற்றில் பிழை எதுவும் இல்லை, சில விடயங்களைச் சேர்க்க மட்டும் விரும்புகிறேன்.

இறந்தவர்கள் 75 பேர் என்று பல இடங்களில் வாசிப்பீர்கள். பாலத்துக்கு முந்தைய நிலையமான சென்ட் ஃபோர்ட்டில் சேகரித்த பிரயாணச்சீட்டுகளை எண்ணி, சீட்டுக் கொடுக்கத் தேவையில்லாதவர்களை உத்தேசமாகக் கூட்டிச் சொன்ன தொகை அது. இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டுச் செய்த பிற்கால ஆய்வில் 59 பேர் உறுதியானார்கள். 2013 டிசம்பர் 28ஆம் திகதி இரு கரைகளிலும் திறந்த நினைவுக் கற்களில் அந்த 59 பெயர்களும் இருக்கின்றன. டண்டிப் பக்கத்துக் கற்கள் ஆற்றோர நடைபாதையில் உள்ளன, நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். உயிர் பிழைத்தவர் எவரும் இல்லை.

அடுத்தது, கட்டைகளை மட்டும் பார்த்துவிட்டுப் பழைய பாலம் முழுவதும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். விழாமல் நின்ற பகுதிகளின் இரும்பு உத்தரங்களைக் கழற்றிப் புதிய பாலத்தில் பொருத்தினார்கள். ஆகவே உங்கள் புகையிரதம் பழைய பாலத்தின் துண்டுகளின் மேலும்தான் ஓடுகிறது. விழுந்த இயந்திரமும் வீணாகவில்லை. 224ஆம் இலக்க இயந்திரத்தை ஆற்றிலிருந்து தூக்கி, திருத்தி, 1919 வரை ஓட்டினார்கள். தொழிலாளர்கள் அதற்கு ‘முக்குளிப்பான்’ என்று பொருள்படும் பட்டப்பெயர் வைத்தார்கள். அதைப் புதிய பாலத்தின் மேல் ஓட்டிச் செல்லச் சாரதிகள் நெடுங்காலம் சம்மதிக்கவில்லை என்று சொல்வார்கள்.

தங்கச்சி, ஒரு கேள்வி. எத்தனை மணிப் புகையிரதத்தில் வருகிறீர்கள்? எந்த யன்னல் என்று எல்லோரும் விவாதிக்கிறோமே தவிர, இதை ஒருவரும் கேட்கவில்லை.

#6 ஜன்னலோரம்

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. சனிக்கிழமை காலை துணி துவைத்து, சமைத்து வைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மேல் கிளம்பலாம் என்று நினைத்திருக்கிறேன்.

#7 வேவர்லிவாசி

அப்படியானால் எந்தப் பக்கமும் வேண்டாம். நடைபாதை ஓரமாக உட்கார்ந்து புத்தகம் படியுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் இங்கே 3:45க்குள் சூரியன் மறைந்துவிடும். நீங்கள் ஃபோர்த் பாலம் ஏறும்போது ஜன்னலில் உங்கள் பெட்டியின் விளக்குதான் தெரியும்.

#8 பழையதண்டவாளம்

வேவர்லிவாசி சொன்னது சரி. இதில் இன்னொரு தற்செயல் உண்டு. 1879இல் அந்த ரயிலில் போனவர்களில் எடின்பரோக்காரர்கள் வேவர்லியை விட்டது மாலை 4:15க்கு. கிரான்டன் வரை ஒரு ரயில், அங்கிருந்து பர்ன்டைலண்டுக்குப் படகு, அதன்பின் இன்னொரு ரயில். டே பாலத்தை அடைய அவர்களுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. இன்று அதே தூரத்தை ஒன்றேகால் மணியில் கடக்கிறோம் என்றால், அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தைப் பெரும்பாலும் மிச்சப்படுத்திக் கொடுத்தது ஃபோர்த் பாலம்தான்.

துணியை வெள்ளிக்கிழமை இரவே துவைத்துவிடுங்கள் அம்மா.

#9 ஜன்னலோரம்

துவைத்துவிடுகிறேன் ஐயா. காலைப் பத்து மணி வாக்கில் கிளம்புகிறேன். காலையில் கட்டணம் கூடுதல் என்று விடுதியில் ஒருவர் சொன்னார், உண்மையா?

#10 வேவர்லிவாசி

பழைய செய்தி. ஸ்காட்ரெயில் வண்டிகளில் நெரிசல் நேரக் கட்டணத்தை 2025 செப்டம்பர் 1 முதல் எடுத்துவிட்டார்கள். நாளின் எந்த நேரத்திலும் ஒரே விலைதான். வார இறுதியில் அதற்கு முன்பும் அந்தக் கட்டணம் இருந்ததில்லை. இதே பாதையில் லண்டனிலிருந்து வரும் வேறு நிறுவன வண்டிகளும் ஓடுகின்றன. ஒரு குறிப்பிட்ட வண்டிக்கென்று மலிவாக வாங்கிய சீட்டை வேறு வண்டியில் காட்டினால் செல்லாது, அதை மட்டும் கவனியுங்கள்.

கட்டணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கை. எண்ணும் இடமும் ஜன்னலோரம் என்று சொல்லும், உட்கார்ந்து பார்த்தால் தோளுக்கு நேராக வெறும் சுவர் இருக்கும். பழைய நீளப் பெட்டிகளில் ஜன்னல்கள் ஓர் இடைவெளியில், இருக்கைகள் வேறோர் இடைவெளியில். மேசை உள்ள நான்கு பேர் இருக்கையில் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. நான் முதல் முறை போனபோது ஃபோர்த் பாலம் முழுவதையும் ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பலகையாகவே பார்த்தேன்.

#11 வடகடல்

ஜன்னல் விவாதத்தில் நான் தோற்றுக்கொண்டிருப்பது தெரிகிறது. இருந்தாலும் பழையதண்டவாளம் ஐயாவிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கடைசிப் பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு இறங்கி உத்தரத்தில் மோதியதால்தான் பாலம் விழுந்தது என்று பௌச் தரப்பு வாதிட்டதாகப் படித்திருக்கிறேன். அது உண்மையாக இருந்தால் பழியை அவர் மேல் மட்டும் போடுவது நியாயமா? மேலும், வார்ப்பில் ஓட்டை விட்டது பட்டறைக்காரர், இரும்புத் துண்டைச் செருகியது மேற்பார்வையாளர். விக்டோரியா அரசி அதே பாலத்தைக் கடந்துபோய் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்த ஆறு மாதத்தில் பாலம் விழுந்தது. ஒரு மனிதரைத் தூக்கி வைப்பதிலும் கீழே போட்டு மிதிப்பதிலும் ஒரே அவசரம் தெரிகிறது.

#12 பழையதண்டவாளம்

நல்ல கேள்வி. அந்த வாதத்தை விசாரணைக் குழு ஏற்கவில்லை. அவர்கள் 1880இல் அறிக்கை கொடுத்தபோது மூவருக்குள்ளும் ஒரு வேறுபாடு இருந்தது. காரணங்களைப் பற்றி மூவரும் ஏறக்குறைய ஒரே கருத்தினர். தலைவரான ராத்தரி மட்டும், வடிவமைப்பும் கட்டுமானமும் பராமரிப்பும் மோசம் என்றும் அதற்கு முதன்மைப் பொறுப்பு பௌச்சினுடையது என்றும் தனி அறிக்கையில் எழுதினார். மற்ற இருவரும் பொறியாளர்கள். பழியைப் பங்கிடுவது தங்கள் வேலையல்ல என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நீங்கள் கேட்கும் நியாயத்தை அவர்களும் ஓரளவு உணர்ந்திருக்கக் கூடும் என்பது என் ஊகம்.

ஆனால் என் தீர்ப்பில் மாற்றமில்லை. பட்டறையும் மேற்பார்வையாளரும் தவறியிருக்கலாம். காற்று பக்கவாட்டில் தள்ளும் விசைக்கென்று பௌச் தனியாகக் கணக்குப் போடவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஃபோர்த் தொங்குபாலத் திட்டத்துக்காகக் கேட்டபோது, அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி என்பவர், காற்றின் அழுத்தத்துக்குச் சதுர அடிக்குப் பத்துப் பவுண்டு போதும் என்று சொல்லியிருந்தார். பெரியவர் சொன்னார் என்பது வேறு, கணக்குப் போடுவது வேறு. விழுந்த பிறகு ஃபோர்த் பாலத்துக்கு அரசு விதித்த அளவு 56 பவுண்டு. பத்து எங்கே, ஐம்பத்தாறு எங்கே!

ஃபோர்த் பாலத்தைப் பார்க்கிறவர்கள் ஏன் இத்தனை இரும்பு என்று கேட்பதற்கு விடை அந்த எண்ணில் இருக்கிறது. 110 மீட்டர் உயரத்தில் மூன்று கோபுரங்கள், 521 மீட்டர் அகலத்தில் இரண்டு பெரிய இடைவெளிகள், 50,000 டன்னுக்கு மேல் எஃகு, சுமார் 65 லட்சம் தறையாணிகள். அதை வடிவமைத்த ஃபவுலரும் பேக்கரும் வலுவாகக் கட்டினால் மட்டும் போதாது, வலுவாக இருப்பது பயணியின் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பது போலக் கட்டினார்கள். டே பாலம் விழுந்து பத்து ஆண்டு ஆகியிருந்த நிலையில், அதன் மேல் ஏறப்போகிற மக்களுக்கு அந்தத் தோற்றமே ஓர் உத்தரவாதம். புதிய டே பாலத்தை வடிவமைத்த பார்லோ, விசாரணைக் குழுவில் இருந்த மூவரில் ஒருவர். அதையும் ஃபோர்த் பாலத்தையும் கட்டிய ஒப்பந்ததாரர் ஒருவரே, வில்லியம் ஆரல். ஆகவே உங்கள் ஒன்றேகால் மணிப் பயணத்தில் இரண்டு பாலங்களையும் இரண்டு தனித்தனிச் சாதனைகளாகப் பார்க்காதீர்கள். ஒரே விபத்துக்கு எழுதிய இரண்டு பதில்கள் அவை.

பௌச்சைப் பற்றி இன்னொன்று. அறிக்கை வந்து நான்கு மாதத்தில், 1880 அக்டோபரில் அவர் இறந்துவிட்டார். மிதித்தார்கள் என்று நீங்கள் சொன்னதை அந்த அளவில் மறுக்க மாட்டேன்.

#13 சணல்நகர்

சனிக்கிழமை அலை வற்றும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் உயர்ந்திருக்கும்போதும் கட்டைகள் தெரியும், ஆனால் வற்றும்போது அவற்றின் அடிப்பாகமும் ஆற்றின் நடுவே மணல்திட்டுகளும் சேர்ந்து வெளியே வரும். டே இங்கே ஆறு போலவா இருக்கிறது, ஒரு குட்டிக் கடல்!

#14 ஜன்னலோரம்

போய் வந்துவிட்டேன். சொல்லிக் கொடுத்தவர்களுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியது கடமை அல்லவா.

வலப்பக்கம், மேசை இருக்கை, முழு ஜன்னல். எதிரே ஒரு வயதான தம்பதி. ஃபோர்த் பாலம் ஏறியதும் சிவப்புச் சட்டங்கள் ஜன்னலை ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின. அவற்றின் பருமனைப் பார்த்து வாயடைத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். கீழே பார்க்க வேண்டும் என்று ஐயா எழுதியது நினைவுக்கு வந்தபோது தீவு பின்னால் போய்விட்டது. ஆகவே பௌச்சின் முதல் தூணை நான் பார்க்கவில்லை. ஜன்னல் திறக்கும் வண்டிகள் ஓடிய காலத்தில், பாலத்தைக் கடக்கும்போது நல்லது நடக்க வேண்டும் என்று பெட்டியிலிருந்தே காசு எறிவார்களாம். எதிரே இருந்த அம்மா சிறு வயதில் தானும் எறிந்ததாகச் சொன்னார். பெரும்பாலானவை இரும்பில் பட்டுத் தெறித்துத் தண்டவாளத்திலேயே கிடந்திருக்கும் என்று அவருடைய கணவர் சொன்னார்.

கரையோரம் வேவர்லிவாசி அவர்கள் எச்சரித்தபடியே ஆயிற்று. கிங்ஹார்ன் பக்கம் வெயில் கடலில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆர்தர் சீட் தெரிந்தது. கர்க்காடிக்குப் பிறகு கடல் விலகி வெறும் வயல்கள். லேடிபேங்க், கூப்பர் எல்லாம் கொஞ்சம் தூங்கிவிட்டேன், லூக்கர்ஸில் விழித்தேன்.

டே பாலத்தில் ரயில் மெதுவாகத்தான் போயிற்று. முதல் கட்டையைக் கண்டதும், ஏதோ படகுத்துறையின் பகுதி என்றே நினைத்தேன். அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. எங்கள் பாலத்தின் ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றாக, அதே இடைவெளியில், பல் விழுந்த ஈறு போல ஒரே வரிசை. தலை மட்டமாகச் செதுக்கிவிட்டது போல இருந்தது. மேலே பாசி, அதற்கும் மேலே பறவை எச்சத்தின் வெள்ளை. ஒரு கட்டையில் மூன்று கடற்காகங்கள் எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்து உட்கார்ந்திருந்தன. பதினெட்டு மீட்டர் என்று படித்தபோது தூரமாகத் தோன்றியது. நேரில் அது ஒரு தெருவின் எதிர்வீடு. எண்ண ஆரம்பித்து இருபதுக்கு மேல் போனதும், ஐயா சொன்ன இரும்புச் சட்டங்கள் வந்து மறைத்துவிட்டன. நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த அந்த நான்கு நிமிடமும் எதிரே இருந்தவர் குறுக்கெழுத்துப் புதிரை விட்டுத் தலை நிமிரவில்லை. அவருக்கு அது வீட்டுக்குப் போகும் வழி.

ஞாயிறு காலை அக்காவோடு ஆற்றோரம் நடந்து நினைவுக் கற்களைப் பார்த்தேன். பெயர்களுக்குப் பக்கத்தில் வயதும் இருக்கிறது. அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. காற்றும் அப்படி.

வடகடல் அவர்களுக்கு ஒரு செய்தி. திரும்பி வரும்போது கடலும் கட்டைகளும் இடப்பக்கம் வந்துவிடுகின்றன. எனவே நானும் இடதுசாரியாகிவிட்டேன். ஆனால் அக்கா மதியச் சாப்பாடு போடாமல் விடவில்லை. மூன்றரைக்குத்தான் ரயில் கிடைத்தது. வோர்மிட் வரை வெளிச்சம் இருந்தது, ஃபோர்த் பாலம் வரும்போது மழையும் இருட்டும். தூணைப் பார்க்காதது ஒரு குறையாகவே இருக்கிறது. அடுத்து எந்த மாதம் போனால் நல்லது?

#15 வடகடல்

வரவேற்கிறேன் தோழரே. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பி, ஃபோர்த் பாலத்தில் மட்டும் வலப்பக்கம் மாறி உட்கார்ந்திருந்தால், என் மூன்று பாலங்களையும் திரும்பும் வழியிலேயே பார்த்திருக்கலாம்.

#16 பழையதண்டவாளம்

பிப்ரவரி முடியட்டும் அம்மா. மார்ச் 4ஆம் தேதி போங்கள், 1890இல் ஃபோர்த் பாலம் திறந்த நாள் அது. டால்மெனி நிலையம் தாண்டியதும் மேலே பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டே இருங்கள். மேலே இருப்பது எங்கும் போய்விடாது.